மாலைப் பாசஞ்சரும் மைக் அக்காவும்

மேடையில் அமர்ந்திருக்கும் தொழிற்சங்கத் தோழர்களே, வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் தலைவரின் தங்கை அவர்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் சாப்பாட்டுப் பையோடு வந்திருக்கும் தினப்பயணிகளே, அனைவருக்கும் வணக்கம். மைக்கைத் தட்டிப் பார்க்காமலே பேசுகிறேன். தட்டினால் அவருக்குப் பிடிக்காது. "அது என்ன கதவா, தட்டுறதுக்கு?" என்பார். அப்படிக் கேட்க இன்று அவர் இல்லை.

யாரை இழந்து நிற்கிறோம்? ரயில் நிலைய அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவரை, தினப்பயணிகள் சங்கத் தலைவரை, ஊரே மைக் அக்கா என்று அழைத்த அம்மையாரை இழந்து நிற்கிறோம். அவரைத் திட்டாதவர் இந்த மண்டபத்தில் உண்டா? வண்டி தாமதம் என்று அவர் குரல் சொல்லும். உடனே திட்டுவோம். தாமதமாக ஓட்டியது அவரா? இல்லை. ஆனாலும் ரயில்வேக்காக வருத்தம் தெரிவித்தவர் அவர்தான்!

அதிவேக ரயில் வருகிறது என்றார்கள். கோடி கோடியாகக் கொட்டப் போகிறோம் என்றார்கள். வாயைப் பிளந்தோம், நானும்தான். அக்கா மட்டும் கேட்டார், "நம்ம ஊர்ல நிக்குமா?" நிற்காது என்றார்கள். "அப்போ நாங்க எதுக்கு? ஓரமா நின்னு கை காட்டவா?" அன்று தொடங்கியது நம் எதிர்ப்பு. அவர் வேகத்துக்கு எதிரி அல்லர். ஒழுகும் பெட்டியை, உட்கார இடமில்லாத வண்டியை முதலில் சரிசெய்யுங்கள் என்றார். அது தப்பா?

கருத்துக்கேட்புக் கூட்டம் நினைவிருக்கிறதா? நம் வண்டி வழக்கம்போலத் தாமதம். மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது, ஆட்சேபணை ஏதும் இல்லை என்று எழுதிவிட்டு அதிகாரிகள் எழுந்துவிட்டார்கள். அக்கா நேரே மேடையேறி மைக்கைப் பிடித்தார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! அதிகாரிகள் புறப்பாடு காலவரையின்றித் தாமதமாகும். தடங்கலுக்கு வருந்துகிறோம்!" அந்தக் குரலைக் கேட்டதும் அத்தனை பேரும் தம்மையறியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள்! அவர்களும் பிளாட்பாரத்தில் காத்துக் கிடந்தவர்கள்தானே? அன்று நம் ஆட்சேபணைகள் பதிவானதால்தான் நாளை இறுதி விசாரணை நடக்கிறது.

ஆனால் ரயிலை மறிப்போம் என்று நாம் கொதித்தபோது அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "உள்ள இருக்கிறது யாரு, மந்திரியா? நம்ம ஆளுங்கப்பா!" என்றார். முதுகெலும்பு இல்லாதவர் என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் நம்மில் உண்டு. "திட்டு வாங்குறது எனக்குப் பழகிப்போச்சு" என்று சிரித்தார்.

போன வாரம் அவருக்கு நெஞ்சுவலி. இங்கே இதய மருத்துவர் இல்லை. தங்கை அவரை மாலைப் பாசஞ்சரில் ஏற்றி நகரத்து மருத்துவமனைக்குக் கிளம்பினார். வழியில் வண்டியை ஒதுக்கி நிறுத்தினார்கள். எதற்கு? விசாரணை முடியும் முன்பே அதிவேகப் பாதைக்கு இரும்பு ஏற்றி வந்த சரக்கு ரயிலுக்கு வழிவிட! "ஏன்க்கா நிக்குது?" என்று தங்கை அழுதிருக்கிறார். மடியில் கிடந்தவர், "கிராசிங்தான்டி. கெளம்பிடும். யாரையும் கீழ இறங்க வேணாம்னு சொல்லு" என்றிருக்கிறார். வண்டி கிளம்பியது. அக்கா இல்லை.

வாசலில் கொடியோடு நிற்கும் தம்பிகளே! கூட்டம் முடிந்ததும் தண்டவாளத்துக்குப் போகலாம் என்று நீங்கள் பேசிக்கொள்வது என் காதில் விழுந்தது. எனக்கும் வயிறு எரிகிறது. உங்களோடு வந்து தண்டவாளத்தில் படுத்துவிடலாம் என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் வரமாட்டேன். உங்களையும் போக விடமாட்டேன். நாளை விசாரணை மண்டபத்தில் ஒரு நாற்காலிகூடக் காலியாக இருக்கக் கூடாது. இந்தத் திட்டத்தைக் கைவிடும்வரை, நம் வண்டிகளைச் சீர்செய்யும்வரை, அவர் கேட்டதை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம். இது அக்காவுக்கு நாம் தரும் வாக்கு.

இன்னும் சற்று நேரத்தில் மாலைப் பாசஞ்சர் இந்த மண்டபத்துக்குப் பின்னால் வரும். அதில் யாரோ ஒருத்தி தன் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அந்த வண்டியை நிறுத்தாதீர்கள். போகட்டும்.