ரெண்டு பொத்தான்

இல்ல சார், நான் நிக்கிறேன். நீங்க உக்காருங்க. ஆன்சான் ஃபேக்டரி வரைக்கும் பஸ்ஸுல வந்திருக்கீங்க, அதுவும் வைட்டமின் பானம் ஒரு பெட்டியத் தூக்கிக்கிட்டு. எனக்கா கொண்டாந்தீங்க? ஃபோர்மேன் பாங்குக்குத்தானே. பாத்தேன், இடுப்ப வளைச்சு ரெண்டு கையாலயும் குடுத்தீங்க. பிள்ளைங்கள வேலைக்கு அனுப்புறதுதான் ஸ்கூல்ல உங்க வேலை. வேலைய விட்டு ஓடாம பிடிச்சு வக்கிறதும் அதுல சேத்தியா?

பொறுமையா? பத்து மாசமா அதத்தானே சார் பண்றேன். ஸ்கூல்ல மெஷின் வரைபடம் படிச்சேன், மூணு சர்டிஃபிகேட் வாங்குனேன், வாசல் பேனர்ல என் பேரக் கொட்டை எழுத்துல போட்டீங்க. இங்க யாருக்கும் என் பேரு தெரியாது. ஏய் தொழிற்பள்ளி, இங்க வா. அவ்வளவுதான். போகட்டும், அதுக்காக வேலைய விடுற ஆளு நான் இல்ல.

பிரஸ் மெஷின் ஞாபகம் இருக்கா? ரெண்டு பொத்தான். ரெண்டு கையும் சேந்து அமுக்குனாத்தான் அச்சு இறங்கும், அப்பத்தான் கை உள்ள மாட்டாது. நீங்க சொல்லிக் குடுத்ததுதான். பரீட்சையில அத எழுத மறந்தேன்னு அஞ்சு மார்க்கு வெட்டுனீங்க.

இங்க இடது பொத்தான டேப்பு போட்டு அமுக்கி வச்சிருக்கு. ஒரு கை தகடு தள்ளும், ஒரு கை அமுக்கும். வேகம் வேணுமாம். டேப்ப நான் பிச்செறிஞ்சேன், மறுநாள் புது டேப்பு. ஆறு வாட்டி. கையுறை நுனி ரெண்டு வாட்டி நசுங்கிப் போச்சு. விரல் போகலியேங்கிறீங்களா? அதேதான் பாங்கும் சொன்னாரு. நீங்க ரெண்டு பேரும் ஒரே ஸ்கூல்ல படிச்சீங்களா சார்?

ஓ. ஒரு வருஷம் முடியாம நான் போனா நம்ம ஸ்கூல் பிள்ளைங்கள இனிமே இங்க எடுக்க மாட்டாங்க. என்னால ஜூனியருங்க பொழப்பு கெடும். சரி. நெசமாவா? ஒருத்தரக் கூடவா எடுக்க மாட்டாங்க? யோசிச்சுச் சொல்லுங்க சார், சும்மா மிரட்டுறதுன்னா இப்பவே சொல்லிடுங்க.

அப்பாடா.

அடுத்த வருஷம் இங்க வர்றவங்க லிஸ்டு உங்க பையில இருக்குல்ல? எடுங்க. மேலருந்து ரெண்டாவது பேரப் படிங்க. ம். பியோன் தாவோன். என் தங்கச்சிதான். இங்க வராதேன்னு சொல்லிப் பாத்தேன், கேக்கல. நீ மட்டும் சம்பாதிக்கலாம், நான் கூடாதான்னு மூஞ்சத் தூக்கி வச்சிக்கிறா.

ராஜினாமா காலையிலயே குடுத்துட்டேன் சார். பாங்கு சொல்லலியா? பானம் குடிச்சிட்டிருக்காரு போல.