சாவுச் செய்தி தவிர

தஞ்சாவூர் தியேட்டர்களில் ஒழுங்காகப் படம் பார்க்க வேண்டுமென்றால் மின்விசிறிக்கு நேர்கீழே உட்காரக் கூடாது. காற்று நன்றாக வரும், வசனம் பாதிதான் வரும். எத்தனையோ வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் காற்றுதான் முக்கியம். இன்ஸ்பெக்டர் சார், உங்கள் மேஜைக்கு மேலே ஓடுவதைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லலாமா? நான் சொல்வது முழுதாக உங்கள் காதில் விழ வேண்டும்.

என் பெயர் ஜெரால்ட். கீழவாசலில் வீடியோ கேசட் கடை வைத்திருக்கிறேன். வைத்திருந்தேன் என்று சொல்வதுதான் சரி. கேபிள் வந்த பிறகு என் கடைக்கு வருகிறவர்கள் கல்யாண கேசட்டைக் காப்பி எடுக்கத்தான் வருகிறார்கள். அது கிடக்கட்டும். இந்த ஊர் திரைப்படச் சங்கத்துக்கு ஆரம்பத்திலிருந்து நான்தான் செயலாளர். பொற்குடம் விருதுக்கும் நானே. சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கும் நம் டெல்டாக்காரர்கள் சேர்ந்து தொண்ணூற்றொன்றில் தொடங்கியது அது. வருடத்தின் சிறந்த தமிழ்ப்படத்துக்கு ஒரு தங்கக் குடம். முதலில் யாரும் சீந்தவில்லை. பிறகு பத்திரிகைகள் எழுதின. குடம் வாங்கிய படத்தைச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் திரையிட்டார்கள், இங்கேயும் மறுபடி போட்டார்கள். சென்னைத் தயாரிப்பாளர்கள் ரயிலேறி வந்து எனக்கு வணக்கம் வைக்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

வணக்கம் மட்டும்தான். ஓட்டு எனக்குக் கிடையாது. நடுவர்கள் ஐந்து பேர். அவர்களுக்காகப் படப்பெட்டி வரவழைப்பது, தியேட்டர் பிடிப்பது, காபி கொடுப்பது, எல்லாம் என் தலையில். தீர்ப்பு அவர்களுடையது. வருடா வருடம் அவர்கள் கொடுத்த தீர்ப்பைச் சொன்னால் உங்களுக்கே வயிறு எரியும். கதாநாயகன் சுவிட்சர்லாந்தில் ஆடுவான், கதாநாயகி மன்னார்குடியில் அழுவாள், கடைசியில் விமானம் வந்து இறங்கும். அதற்கு ஒரு குடம். அடுத்த வருடம் அதே விமானம், வேறு கதாநாயகி, இன்னொரு குடம். நான் கைதட்டிக்கொண்டு மேடையோரமாக நின்றிருக்கிறேன். மனதுக்குள் எவ்வளவு குமைந்தேன் என்று ஒருவருக்கும் தெரியாது.

பூட்டுகிற பழக்கத்தைக் கொண்டு வந்ததும் நான்தான். ஒரு வருடம், விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு தயாரிப்பாளர் நடுவர் குழுத் தலைவருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டார். மனம் வெறுத்துப்போயிற்று. போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்மாரை உள்ளே வைத்துப் பூட்டுவார்கள் என்று சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் கேட்டிருக்கிறேன். அதையே இங்கேயும் வைத்துக்கொள்ளலாம் என்றேன். முடிவு வரும்வரை நடுவர்கள் உள்ளே. சாவி என்னிடம், போனும் என்னிடம். வெளியிலிருந்து ஒரு சொல் உள்ளே போகக் கூடாது. யாராவது நடுவில் கிளம்பினால், அவர் கடைசியாகப் போட்ட ஓட்டே அவருடைய ஓட்டு. எல்லோருக்கும் பிடித்துவிட்டது. நடுவர்களில் பிரகதாம்பாள் அம்மா மட்டும், அவர் காலேஜில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். சரி, சாவுச் செய்தி தவிர என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டோம். எல்லோரும் சிரித்தார்கள். ஒப்புக்கொண்டதும் எல்லோரும்தான். நாகநாதன் சாரும் ஒப்புக்கொண்டார்.

நாகநாதன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசாங்கத்தில் மாட்டு டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் கிடையாது. மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் குந்தவை. மாப்பிள்ளை சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை. பெண் நிறைமாதமாக இருந்ததால் தஞ்சாவூரில் ஒரு நர்சிங் ஹோமில் காட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தம்பி தமிழரசன் கூடமாட இருந்து பார்த்துக்கொண்டான்.

போன ஐப்பசியில் நடுவர் கூட்டம் திருவையாற்றில் நடந்தது. தலைவர் சிங்காரவேலுவின் அரிசி ஆலையை ஒட்டி, காவிரியைப் பார்த்தாற்போல் ஒரு விருந்தினர் வீடு இருக்கிறது. உள்ளே கூடம், வெளியே போன் இருக்கும் அறை, நடுவில் ஒரு கதவு. உள்ளே பேசுவது எனக்குக் கேட்கும். முதல் நாள் வந்து இறங்கியதுமே நாகநாதன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பொண்ணுக்கு நாள் நெருங்கிடுச்சு ஜெரால்ட். ஏதாவது போன் வந்தா ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"சொல்லாம இருப்பேனா சார்," என்றேன்.

இதைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் பிரசவம் சாவுச் செய்தி இல்லை என்பது அவருக்கும் தெரியும். மரியாதைக்குச் சொன்ன வார்த்தை அது. அன்றைக்கு இருந்த நிலைமையைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் நீங்கள் அந்த இரண்டு படங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, 'விமானத்தில் வந்த வசந்தம்.' பெயரைக் கேட்டாலே மீதி தெரிந்துவிடும். இன்னொன்று, 'வராத தந்தி.' நாகப்பட்டினம் பக்கத்துப் பையன் ஒருவன் எடுத்தது. தியேட்டரில் வந்த சுவடே தெரியாமல் போனது. கதை இதுதான். ஒருவன் குவைத்தில் வேலை பார்க்கிறான். இங்கே அவன் குழந்தை காய்ச்சலில் செத்துப்போகிறது. சொன்னால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஓடி வந்துவிடுவான், வாங்கிய கடன் என்னாவது என்று பயந்து வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து மறைத்துவிடுகிறார்கள். அவன் போனில் குழந்தையைக் கேட்கும்போதெல்லாம் பாப்பா தூங்குகிறாள் என்று மனைவி சொல்கிறாள். கடைசியில் அவன் ஒரு பாவாடை சட்டை வாங்கிக்கொண்டு வந்து இறங்குகிறான். அளவு சரியாக இருக்குமா என்று கேட்கிறான். அந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் அழுதுவிடுவேன். இத்தனை வருடம் படம் பார்த்ததற்கு அது ஒன்று போதும் என்று தோன்றிற்று. அந்தப் படத்துக்குக் குடம் கிடைக்காவிட்டால் இந்த விருதே வேண்டாம், நானும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

முதல் நாள் மாலை ஓட்டுப் போட்டுப் பார்த்தார்கள். விமானத்துக்கு மூன்று, தந்திக்கு இரண்டு. விமானத்துக்கு விழுந்த மூன்றாவது ஓட்டு நாகநாதன் சாருடையது. அந்தப் படத்தில் மாப்பிள்ளை பிரசவத்துக்குச் சரியாக வந்து சேர்கிறான். மனிதர் அதிலேயே கரைந்துவிட்டார். சிங்காரவேலு அப்போதே முடித்துவிடலாம் என்றார், இரண்டு பிள்ளைகளும் சிங்கப்பூரில் இருக்கிறவர் வேறென்ன சொல்வார். பிரகதாம்பாள் அம்மா விடவில்லை. மறுநாள் பேசிவிட்டு முடிவு செய்வோம் என்றார். அந்தப் புண்ணியவதிதான் எனக்கு ஒரே நம்பிக்கை.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்து அம்மா பேச ஆரம்பித்தார். இவ்வளவு நன்றாக ஒரு படத்தைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. கதவோரமாக நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் போன் வந்தது.

தமிழரசன் பேசினான். குழந்தை பிறந்துவிட்டது, பெண் குழந்தை. ஆனால் அண்ணிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும், எங்கே கேட்டாலும் இல்லை என்கிறார்கள், மாமாவுக்கு அதே ரத்தம், உடனே அனுப்புங்கள் என்றான். அனுப்பி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அனுப்பத்தான் நினைத்தேன். கதவில் கை வைத்தபோது உள்ளே நாகநாதன் சார் குரல் கேட்டது. அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, நேற்று நான் யோசிக்காமல் போட்டுவிட்டேனோ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் அவரை வெளியே கூப்பிட்டால் முந்தின நாள் ஓட்டுதான் நிற்கும். விமானம் ஜெயித்துவிடும். இன்னும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. நான் காபித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். நாகநாதன் சார் டம்ளரை வாங்கும்போது என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மணி அடிச்சாப்ல இருந்துச்சே ஜெரால்ட்?"

"தயாரிப்பாளருங்கதான் சார். வேற யாரு."

அவர் தலையாட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. ஒரு மனிதன் தன் கருத்தை மாற்றிக்கொள்வது எவ்வளவு அருமையான காட்சி. எந்தப் படத்திலும் அதைச் சரியாக எடுத்ததில்லை.

இரண்டாவது முறை போன் வந்தபோது தமிழரசன் கொஞ்சம் பதற்றமாக இருந்தான். மாமா கிளம்பிவிட்டாரா என்று கேட்டான். கிளம்பிவிட்டார் என்றேன். இல்லையென்றால் அவனே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து கதவை இடித்திருப்பான். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு ஐந்து ஆறுகளைத் தாண்டி வர வேண்டும், அந்த மழையில் அவன் எங்கேயாவது விழுந்து தொலைத்திருந்தால் அந்தப் பழியும் என்மேல்தான் வந்திருக்கும்.

மூன்றாவது முறை அவன் குரல் அடங்கிப்போயிருந்தது. இன்னும் வந்து சேரவில்லையே என்றான். வெண்ணாற்றுப் பாலத்தில் கரும்பு லாரி ஒன்று குறுக்கே நிற்கிறதாம், வந்துவிடுவார் என்றேன். அப்போது அவன் ஒன்று கேட்டான். அதை அவன் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன், எதையும் மறைப்பது என் நோக்கமில்லை.

"கும்பகோணத்துல ஒரு பேங்க்காரரு, அவருக்கும் இதே குரூப்பாம். கார் எடுத்துக்கிட்டு வரேங்கிறாரு. மாமாதான் வந்துடுவாரேன்னு டாக்டர் கேக்குறாங்க. என்னங்க சொல்லட்டும்?"

"வேண்டாம்னு சொல்லிடுங்க தம்பி. இந்த மழையில பாவம் அவர எதுக்கு அலைய விடணும்," என்றேன்.

அதன் பிறகு ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டேன். அம்மா பாவாடை சட்டைக் காட்சிக்கு வந்திருந்தார், நடுவில் மணி அடித்தால் எல்லாம் கெட்டுவிடும்.

ஓட்டு எடுத்தார்கள். தந்திக்கு மூன்று, விமானத்துக்கு இரண்டு. நாகநாதன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெத்தவன்கிட்ட சொல்லாம விட்டாங்க பாருங்க, அதுதாங்க மனச அறுக்குது," என்றார். நான் வெளியே வந்து ரிசீவரை எடுத்து வைத்தேன். வைத்ததும் அடித்தது. தமிழரசனுக்குப் பேச வரவில்லை. நர்ஸ் வாங்கிச் சொன்னார். இப்போது அது சாவுச் செய்தி, விதியே இடம் கொடுத்தது. தீர்ப்பில் ஐந்து பேரும் கையெழுத்துப் போடும்வரை பொறுத்திருந்து, உடனே நாகநாதன் சாரிடம் சொன்னேன். சிங்காரவேலுவின் காரை ஏற்பாடு செய்ததும் நான்தான். வழியெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

பிறகு நாகநாதன் சாரும் தமிழரசனும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. கடைசிவரை தனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார்களே என்று நாகநாதன் சாருக்கு மனத்தாங்கல். வழியில் மாட்டிக்கொண்டு தவித்த மனிதரிடம் போய் ஏன் தாமதம் என்று கேட்டுக் குத்திக்காட்டக் கூடாது என்று தமிழரசனுக்கு இரக்கம். சம்பந்தி வீட்டு மரியாதை. இரண்டு வீடும் வாயைத் திறக்காமல் தை மாதம்வரை ஓட்டிவிட்டன.

தையில் படத்தை மறுபடி போட்டோம். வாசலில் பொற்குடம் பெற்ற படம் என்று பெரிதாக எழுதி வைத்தும் கூட்டம் சேரவில்லை. வந்தவர்களிலும் பாதிப் பேர் இடைவேளையில் எழுந்து போய்விட்டார்கள். இவ்வளவு பாடுபட்டு வாங்கிக் கொடுத்த குடம். இந்த ஊரை நினைத்து அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட ஆற்றாமையைச் சொல்லி முடியாது. ஆனால் நாகநாதன் சார் வந்திருந்தார், தமிழரசனையும் கூட்டி வந்திருந்தார். நான் அவர்களுக்குப் பின்வரிசையில், மின்விசிறியை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தேன். திரையில் அந்த மனைவி போனில், பாப்பா தூங்குகிறாள் என்று சொன்னாள். தமிழரசன் மெதுவாகத் திரும்பினான்.

"மாமா, அன்னிக்கு நீங்க கிளம்பிட்டதா ஜெரால்ட் சார் சொன்னாரே. எத்தன மணிக்குக் கிளம்புனீங்க?"

நாகநாதன் சார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. படம் முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். விளக்குப் போட்டதும் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. நேராக உங்களிடம் வந்துவிட்டார். ஒரு படத்தைக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார் என்ற வகையில் அவர்மேல் எனக்கு மரியாதை கூடித்தான் இருக்கிறது.

ஆமாம், அந்தப் பெண் பிழைத்திருப்பாள். டாக்டர் வாக்குமூலத்தில் சொன்னதை நானும் படித்தேன். அவள் அப்பாவை நான் அனுப்பவில்லை, கும்பகோணத்துக்காரரை வர விடவில்லை, தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் குழந்தையை யாரோ என்னிடம் காட்டினார்கள். நன்றாக இருக்கிறது.

நீங்கள் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை என்று சொன்னீர்கள், அதுதான் எனக்கு வருத்தம். கேசட் என் கடையில் இருக்கிறது, யாரையாவது அனுப்பினால் கடைப் பையன் எடுத்துத் தருவான். அவசியம் பாருங்கள் சார். பெற்றவனிடம் சேதியை மறைக்கிறவர்கள் எப்பேர்ப்பட்ட பாவிகள் என்று இந்த ஜனங்களுக்கு யாராவது ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டாமா?