பியோனி பூக்கும் மூன்று வாரம்

முதலில் டீயைக் குடி, அலிஸ்டர். ஆறிப்போனால் உனக்குப் பிடிக்காது.

ஆஸ்பத்திரியில் நகல் கொடுத்தார்கள் என்கிறாய். செப்டம்பர் கடைசியில் ஒரு கடிதம், அக்டோபரில் இன்னொன்று. இரண்டும் என்னுடைய இந்தப் பூப்பண்ணை முகவரிக்குத்தான் வந்திருக்கின்றன. ரோவீனா கைக்கு ஏன் போகவில்லை என்று கேட்கிறாய். நியாயமான கேள்வி. நீ அவள் கணவன், நான் அவளைப் பெற்றவள். நமக்குள் ஒளிவுமறைவு வேண்டாம்.

நீ ஆட்டுப் பண்ணைக்காரன், பூவைப் பற்றி உனக்குத் தெரிய நியாயமில்லை. நியூசிலாந்தின் தென்கோடியில், நம் சவுத்லாந்தில், பியோனி நவம்பர் கடைசியில் பூக்கத் தொடங்கும், மூன்று வாரத்தில் முடிந்துவிடும். மணப்பெண்கள் அதற்கு ஏங்குவதே அதனால்தான். அதிலும் பவள நிறப் பியோனி விரிந்த இரண்டே நாளில் வெளுத்துப்போகும். முதல் நாள் நிறத்தோடு அதைக் கையில் பிடித்து நின்றால் சுமாரான பெண்கூட அழகியாகிவிடுவாள். ரோவீனாவோ பிறவி அழகி. அவள் கல்யாணத்துக்கென்றே ஒரு வரிசை நட்டு ஆறு வருடம் காத்திருந்தேன். என் கல்யாணம் கடுங்குளிரில், ஜூலை மாதம், பதிவு அலுவலகத்தில் நடந்தது. கையில் ஒரு இலைகூட இல்லை.

அவள் முதுகிலிருந்த மச்சத்தை டாக்டர் வெட்டிச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். ஒருநாள் களை பிடுங்கிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, டாக்டர்கிட்டருந்து லெட்டர் எதுவும் வரலையா?"

"கெட்ட சேதின்னாதான்டி எழுதுவாங்க. வரலன்னா நல்லதுன்னு எடுத்துக்கோ."

"அப்பாடா! முதுகு தெரியற மாதிரி கவுன் வேற தைக்கக் குடுத்துட்டேன். அலிஸ்டர் பாத்தான்னா மயங்கியே விழுந்துடுவான், பாவம்."

அந்தச் சிரிப்பைக் கெடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்?

நர்ஸ் ஒருமுறை போனில் கூப்பிட்டாள். ரோவீனா ஆக்லாந்து போயிருப்பதாகச் சொன்னேன். பேசும்போது ஜன்னல் வழியே அவள் தெரிந்தாள், சேறு அப்பிய பூட்ஸோடு.

முதல் கடிதத்தைப் படித்தீர்களா என்று கேட்டால், வந்த அன்றே படித்தேன். புற்று, உடனே வர வேண்டும், முதுகில் இன்னும் அகலமாக வெட்டியெடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. நிதானமாகத்தான் யோசித்தேன். ஆபரேஷன் என்றால் கல்யாணம் தள்ளிப்போகும். பியோனிக்கு அடுத்த வருடம்வரை காத்திருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பத்து வாரம்தான் இருந்தது. கடிதத்தை அடுப்பில் போட்டேன். இரண்டாவதைப் பிரிக்கவே இல்லை.

நீங்கள் தேனிலவு முடிந்து வந்ததும் அவளை டாக்டரிடம் அனுப்பியது யார்? நான்தான். அதை நீ மறுக்க மாட்டாய். அதற்குள் ஈரல்வரை பரவியிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நகலில் அது இருக்காது. கல்யாணத்தன்று காலை கவுனை மாட்டிவிடும்போது அவள் அக்குளில் என் விரல் பட்டது. நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி.

"வலிக்குதும்மா" என்றாள்.

"லேஸ் உரசுது, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிப் பூச்செண்டைக் கையில் கொடுத்தேன்.

அவள் சர்ச்சுக்குள் நடந்து வந்தபோது நீ அழுதாயே, ஞாபகமிருக்கிறதா? அந்த நாளை உங்கள் இருவருக்கும் கொடுத்தவள் நான். இதுவரை நீ எனக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை, அலிஸ்டர். பரவாயில்லை, நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.