கழுத்தில கிடந்த பக்கற்

...குடும்ப தினத்தில குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறியள். நானும் பேசுறன். நீங்கள் சாப்பிட ரோல்ஸ் எப்ப வரும் எண்டு கதவைப் பாக்கிறியள். பரவாயில்லை... ரோல்ஸ் வாறதுக்கிடையில ஒரு குட்டிக் கதை. சொல்லட்டோ?

எங்கட ஆக்களில ஒருத்தர், குலேந்திரன் எண்டு பேர். மனிசி தவமலர். ரொறன்ரோவில கனகாலமா இருக்கினம். குலேந்திரன் அருமையான மனிசன். ஆனால் ஒரு பழக்கம். புதுச் சாமான் வாங்கினால் கவர் பிரிக்க மாட்டார். ரிமோட்... பொலித்தீனுக்குள்ள. சோபா... பிளாஸ்டிக்குக்குள்ள. வந்த ஆள் எழும்பினால் சோபாவும் சேர்ந்து எழும்பும். சிரிக்காதேங்கோ. உங்கட வீட்டுக்கும் நான் வந்திருக்கிறன்.

இவருக்கு ஒரு ஆசை வந்திட்டுது. வடக்க காட்டுக்குள்ள போய், உறைஞ்ச ஏரிக் கரையில கூடாரம் அடிச்சு, ஐஸில ஓட்டை போட்டு மீன் பிடிக்கோணும். ஏன்? வேலையிடத்தில ஒருத்தன் போனில படம் காட்டினவன். மீன் எங்கட சந்திக் கடையிலயே கிடக்கு, வெட்டியும் தருவினம். ஆனால் ஆசையிட்ட காரணம் கேட்கேலுமோ?

கடைக்குப் போச்சினம். ஐஸ் துளைக்கிற ட்ரில் வாங்கியாச்சு. முழங்கை நீளத்தில தூண்டில். சாமான் ஏத்தி இழுக்கிற சறுக்கு வண்டி. ஓட்டைக்குள்ள மிதக்கிற ஐஸை அள்ள ஒரு துளைக் கரண்டி. தவமலர் சொல்லுறா, "இஞ்சாருங்கோ, இது வடை அள்ளுற கரண்டியெல்லோ? வீட்டில கிடக்கு." இவர் சொல்லுறார், "அது வடைக்கு."

கடைசியா ஒரு சாமான். இதைக் கவனமாக் கேளுங்கோ. ரெண்டு மரப்பிடி, நுனியில ஆணி, நடுவில கயிறு. கழுத்தில மாலை மாதிரிப் போடுறது. ஐஸ் உடைஞ்சு தண்ணிக்குள்ள விழுந்தால், ரெண்டு கையாலயும் ஐஸில குத்திக் குத்தி மேல ஏறலாம். உயிர் காக்கிற சாமான். குலேந்திரன் கழுத்தில போட்டாரோ? போட்டார். எப்பிடிப் போட்டார்? கவர் பிரிக்காமல் பக்கற்றோட போட்டார். பக்கற்றில ஒரு ஓட்டை இருந்தது, அதுக்குள்ளால நூல் கோத்துப் போட்டார்.

"ஏனப்பா பிரிக்கேல்லை?"

"விழாட்டில் கடையில திருப்பிக் குடுக்கலாம்."

காலமை ஏரிக்கரை. கூடாரம் அடிச்சாச்சு. தவமலர் ஐஸில வழுக்காமல் சப்பாத்தில மாட்டுற ஆணிச் சங்கிலியை எடுத்து, கவரை 'சடார்' எண்டு கிழிச்சு மாட்டினா. குலேந்திரன் பதறியடிச்சு ஓடி வந்தார். "பாத்துக் கிழி, பாத்துக் கிழி! அட்டை பழுதாகப் போகுது!"

ஓட்டை போட்டினம். இருந்தினம். மீன் வரேல்லை. குலேந்திரன் எழும்பி, "அங்கால பாத்திட்டு வாறன்" எண்டு நடந்தார். அங்கால ஒரு ஆறு வந்து ஏரிக்குள்ள விழுகுது. தண்ணி ஓடுற இடத்தில ஐஸ் மெல்லிசு. அவருக்கு அது தெரியாது. நாலடி வைச்சார்... அவ்வளவுதான்.

ஐஸ் தண்ணி. கழுத்தளவுக்கு. மூச்சு வருகுதில்லை. கையை ஐஸில வைச்சால் வழுக்குது. ஆணி எங்க கிடக்கு? நெஞ்சில கிடக்கு! பக்கற்றைப் பிடிச்சு இழுக்கிறார், கிழியுதில்லை. கடிக்கிறார், கிழியுதில்லை. அந்த நிலையிலயும் மனிசன் என்ன செய்தவர் தெரியுமோ? பக்கற்றைத் திருப்பி... 'இவ்விடத்தில் கிழிக்கவும்' எண்டு எங்க போட்டிருக்கு எண்டு பாத்தவர்.

இதைக் கண்ட தவமலர் சறுக்கு வண்டியில இருந்த முழுச் சாமானையும் கவிட்டுக் கொட்டினா. வயிறு ஐஸில பட ஊர்ந்து வந்து, வண்டியை அவரிட்டத் தள்ளினா. கயிறு அவவின்ர கையில. "பிடியுங்கோப்பா! காலை அடியுங்கோ!" அவர் பிடிச்சார். அவ சப்பாத்து ஆணியை ஐஸில ஊண்டி இழுத்தா. எந்த ஆணி? காலமை கிழிச்ச கவருக்குள்ள இருந்த அதே ஆணி. அவர் வெளியில வந்திட்டார்.

கூடாரத்துக்குள்ள ஈர உடுப்பெல்லாம் கழட்டி, படுக்கைப் பையைப் போர்த்து விட்டா. அதுகும் கவருக்குள்ளதான் கிடந்தது... பல்லால கிழிச்சா. குலேந்திரனுக்குப் பல்லுக் கிடுகிடுக்குது. கொஞ்சத்தால வாயைத் திறந்தார். முதல் சொல்லு என்ன?

"பக்கற்றில பல்லுப் பட்டிட்டுது. இனிக் கடைக்காரன் எடுக்கமாட்டான்."

அதுவரைக்கும் அழாத தவமலர், அப்ப குழறி அழுதா. அவர் அவவின்ர கையைப் பிடிச்சார். பிறகு மெல்லமாச் சொன்னார், "தவம்... நீ இல்லாட்டில் இண்டைக்கு நான் இல்லை. இண்டைக்கு மட்டுமில்லை. கலியாணம் கட்டின நாள் தொட்டு அப்பிடித்தான்."

தவமலர் கண்ணைத் துடைச்சுப் போட்டுக் கேட்டா, "இதையோ இவ்வளவு காலமும் சொல்லாமல் வைச்சிருந்தனீங்கள்?"

"ஓம். பத்திரமா வைச்சிருந்தனான்."

மீன் அகப்பட்டதோ எண்டு பின்னால ஒருத்தர் கேட்கிறார். இல்லை ஐயா.

சரி... குலேந்திரனைப் பாத்துச் சிரிச்சியள். இப்ப நான் உங்களைக் கேட்கிறன். பக்கத்துக் கதிரையில இருக்கிற உங்கட மனிசி, உங்கட மனிசன், அண்ணன், தங்கச்சி... அவையைப் பற்றி உங்களிட்ட ஒரு நல்ல வார்த்தை இருக்கோ இல்லையோ? இருக்கு. எனக்குத் தெரியும். எங்க இருக்கு? கவருக்குள்ள இருக்கு. அதை எப்ப பிரிக்கிறம்? ஆள் செத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவரைப் பற்றிக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்கேக்க பிரிக்கிறம்! முதல் பக்கத்தில கலர்ப் படம். கீழ, 'எங்கள் குலவிளக்கே, உன்னைப் போல் ஒருவர் உண்டோ'... எவ்வளவு வடிவான வார்த்தை! ஆர் வாசிக்கினம்? ஊர் முழுக்க வாசிக்குது. வாசிக்க வேண்டிய ஆள்... படத்துக்குள்ள இருக்குது.

உயிரோட இருக்கிற ஆளுக்கு அந்த வார்த்தைதான் கழுத்தில கிடக்கிற ஆணி. தண்ணிக்குள்ள விழுந்த பிறகு பிரிக்கேலாது. கை விறைச்சுப் போகும்.

ரோல்ஸ் வந்திட்டுது, மணக்குது. எழும்பிறதுக்கு முதல், பக்கத்தில இருக்கிற ஆளை ஒருக்காத் திரும்பிப் பாருங்கோ. கவரைக் கிழியுங்கோ. அட்டை பழுதாகினால்... பழுதாகட்டும்.