துணி உதறிய அறை

துணியை உதறாமல் மடித்து வைத்தால் எனக்குத் தூக்கம் வராது, மேடம். எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உங்கள் ஸ்டேஷன் மேஜையில் எவ்வளவு தூசி. துடைத்துவிட்டுப் பேசட்டுமா? கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

என் கணவருக்குப் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிற இடத்தில் வேலை. வந்ததும் வராததுமாக, வேலைத்துணியோடு மகனைத் தூக்கிக் கொஞ்சுவார். நானும் பார்த்துச் சிரிப்பேன். அவனுக்குப் பேச்சே வரவில்லை. பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரியா வளரும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

எங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் கொழுந்தனாரின் மகள் நடக்கும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள். வாயாடி என்றே பேர் வைத்துவிட்டோம். மாமியார் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். "உன் அண்ணனுக்கும் கொஞ்சம் பேசக் கத்துக்குடுடி" என்பார், விளையாட்டாகத்தான். எனக்கு வயிறு எரிந்தது. இல்லை என்றால் பொய்.

பிறகு தொழிற்சாலையில் குடும்பங்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். "வேலைத்துணியை வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க" என்றாள் நர்ஸ். "அந்தத் தூசி தரையில படிஞ்சிடும். தவழுற குழந்தை கையை வாயில வைக்கும். ஈயம் மூளையைக் கெடுத்துடும். போனது திரும்ப வராது." எல்லோரும் தலையாட்டினோம். என் மகனுக்கு என்ன ஆயிற்று என்பது அங்கேதான் புரிந்தது. வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

அந்த ஜன்னலைச் சாத்துங்களேன், மேடம். வெளித்தூசி உள்ளே வருகிறது.

மறுநாளே கணவர் துணியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். நான்தான், "அங்க சரியா வெளுக்கிறதில்ல, பையில போட்டு எடுத்துட்டு வாங்க, வாசல்லயே வாங்கி நனைச்சிடறேன்" என்றேன். நம்பினார்.

ஓரகத்தி பிள்ளையை என்னிடம் விட்டுத்தான் வேலைக்குப் போவாள். அவள் தலை மறைந்ததும் அந்த வேலைத்துணியை வாயாடியின் அறையில் வைத்து உதறுவேன். பாய்மேல், பொம்மைகள்மேல். என் மகனை அந்தப் பக்கமே விடமாட்டேன்.

"அக்கா, கூப்பிட்டா இவ ஏன் திரும்பவே மாட்டேங்கறா?" என்று சில மாதம் கழித்து ஒருநாள் ஓரகத்தி என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்குச் சொல்லிக்கொண்ட அதே ஆறுதலை அவளுக்கும் சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

உதறியது நான். தெரிந்துதான் உதறினேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி அந்தக் குழந்தைமேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. என் பிள்ளை தனியாக இருந்தான், அவ்வளவுதான். இப்போது வீட்டுக்கு வந்து பாருங்கள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அண்ணன் தங்கை என்றால் அப்படி இருக்க வேண்டும், மேடம், ஒரு சத்தம் வராது.