எர்ணாவூர் மோட்டார் கேபிளை நான் வெளியே விடாதது பற்றி

சாட்சியின் பெயர்: ஹஃப்சா. வயது: 39. கணவர் பெயர்: தௌசீஃப். தொழில்: பழைய இரும்பு வியாபாரம். முகவரி: வலைக்கிடங்கு சந்து, திருவொற்றியூர், சென்னை.

இன்று குற்றவியல் நடுவர் முன்பு ஆஜராகி, யாருடைய மிரட்டலும் தூண்டுதலும் இல்லாமல் சொல்வதாவது:

நான் மேற்கண்ட முகவரியில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். என் கணவர் துறைமுகத்தில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். வீட்டின் முன்பகுதியில் நான் உரிமம் பெற்றுக் காயலாங்கடை நடத்தி வருகிறேன். ஒயர் திருட்டு அதிகமானதால், கடைக்காரர்களைக் காவல் நிலையத்துக்கு அழைத்து, செம்பு ஒயர் கொண்டுவருபவரின் ஆதாரைப் பார்க்க வேண்டும், ஆளைப் போட்டோ எடுக்க வேண்டும், சந்தேகம் இருந்தால் உடனே தகவல் தர வேண்டும், இல்லாவிட்டால் உரிமம் ரத்து ஆகும் என்று சொன்னார்கள். நான் அப்படியே செய்தேன். அதன் பிறகு என் கடைக்கு வந்துகொண்டிருந்த பலர் உரிமமும் போர்டும் இல்லாத கடைகளுக்குப் போய்விட்டார்கள்.

எர்ணாவூர் குடியிருப்பில் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் கேபிளை ஏற்கெனவே இரண்டு தடவை யாரோ வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். இரண்டாவது தடவை அங்கே மூன்றாவது மாடியில் குடியிருக்கும் மீன் வியாபாரி வியாகுலம்மாள் என்பவர் சில பெண்களுடன் என் கடைக்கு வந்து, "எங்க தண்ணிய எடை போட்டு வாங்கித் துன்றியா?" என்று கேட்டார். நான் கடையில் இருந்த எல்லா மூட்டைகளையும் அவிழ்த்துக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, பார்த்த மூட்டையைத் தானே திரும்பக் கட்டி வைத்தார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது என் கடையின் உள்சுவரில் சாக்பீஸால் தன் போன் நம்பரை எழுதிவிட்டுப் போனார்.

கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மறுபடியும் கேபிள் போய்விட்டது என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். அன்று மதியம் நான் கடையில் தனியாக இருந்தபோது, குட்டி யானை என்று சொல்லப்படும் சிறிய சரக்கு வண்டி ஒன்று பின்பக்கமாக வந்து என் வாசலை அடைத்து நின்றது. அதன்மேல் நீல நிறப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி இருந்தது. ஓட்டி வந்தவர் தொட்டிக்குள் கையை விட்டுக் கனமான கருப்பு கேபிளை இழுத்து இழுத்து வெளியே எடுத்தார். அவர் பெயர் வெள்ளத்துரை என்று பிறகு தெரிந்தது. கேபிள் மேல் உறை எரிக்கப்படாமல் ஈரமாக இருந்தது. வெட்டிய முனையில் செம்பு புதிதாக மின்னியது. மண் ஒட்டியிருந்தது.

வேண்டாம் என்று சொல்லி அனுப்புவது எனக்குச் சுலபம். என் உரிமத்துக்கும் ஆபத்தில்லை. ஆனால் அனுப்பினால் அது அடுத்த தெருவில் ஒரு மணி நேரத்தில் எரிந்து செம்பாகிவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் கேபிளை உள்ளே கொண்டுவந்து எடை மேடையில் வைக்கச் சொன்னேன். அவர் சுருட்டி வைத்த பிறகு ஆதார் கேட்டேன், போட்டோ எடுக்க வேண்டும் என்றும் சொன்னேன். அதற்கு அவர், "இன்னாக்கா, நீ காயலாங்கடை வச்சினுகீறியா, பாஸ்போர்ட்டு ஆபீஸ் வச்சினுகீறியா?" என்று சிரித்தார். நான் கேபிளை மட்டும் போட்டோ எடுத்துக் காவல் நிலைய நம்பருக்கு அனுப்பினேன். அதன் பிறகு அவர் எதிரிலேயே, சுவரில் வியாகுலம்மாள் எழுதியிருந்த நம்பருக்குப் போன் செய்து, "யக்கா, உங்க வூட்டு சாமான் எங் கடைல கீது, ஆளுங்கள இட்டுகினு வந்து எட்த்துகினு போங்க" என்றேன். யாரோ வாடிக்கையாளருடன் பேசுகிறேன் என்று நினைத்து அவர் பணத்துக்குக் காத்து நின்றார்.

சிறிது நேரம் கழித்து அவருக்குச் சந்தேகம் வந்து கேபிளைத் திரும்ப ஏற்றப் போனார். நான் எடை மேடையில் ஏறிக் கேபிள் சுருளின்மேல் உட்கார்ந்துகொண்டேன். "தூக்கணும்னா என்னியும் சேத்துத் தூக்கு" என்றேன். அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே சொல்ல விரும்பவில்லை. அவர் கேபிளின் முனையைப் பிடித்து இழுத்ததில் என் வலது உள்ளங்கை கிழிந்தது. புர்காவும் தோள்பட்டையில் கிழிந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

அப்போது தெருவில் ஷேர் ஆட்டோக்கள் வந்து நின்றன. வியாகுலம்மாளும் இருபதுக்கு மேற்பட்ட பெண்களும் இறங்கினார்கள். குழாயடியில் இருந்து அப்படியே கிளம்பியதால் பலர் இடுப்பில் காலிக் குடம் இருந்தது. வெள்ளத்துரை கேபிளை விட்டுவிட்டு வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தார். வியாகுலம்மாள் தன் குடத்தை முன் சக்கரத்துக்கு எதிரே வைத்து அதன் பின்னால் நின்றார். மற்றவர்களும் வண்டியைச் சுற்றி அப்படியே குடத்தை வைத்து நின்றார்கள். அதன் பிறகுதான் வியாகுலம்மாள் அந்தத் தொட்டியை ஏறிட்டுப் பார்த்து, "அடியே, இது காலீல நமக்குத் தண்ணி வித்த வண்டிடீ" என்றார். கேபிள் போன நாளெல்லாம் இந்த வண்டிதான் அவர்கள் வாசலில் வந்து குடக் கணக்கில் தண்ணீர் விற்றது என்று பிறகு சொன்னார்கள்.

வெள்ளத்துரை ஹாரன் அடித்தார். வியாகுலம்மாள், "ஏத்து. எங்க மேல ஏத்திகினு போ" என்று சொல்லிக் கையை நீட்டினார். ஒருவரும் நகரவில்லை. வெள்ளத்துரை என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துத் தானே அந்தக் கையில் கொடுத்தார்.

உதவி ஆய்வாளர் ஜெயஸ்ரீ வந்து வண்டியைச் சோதனை செய்ததில் சீட்டுக்கு அடியில் பெரிய கட்டர் ஒன்று கிடைத்தது. வெள்ளத்துரையைக் கைது செய்த பிறகு, கேபிள் வழக்குச் சொத்து என்பதால் நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றார். அதற்கு வியாகுலம்மாள், "ஏம்மா, கோர்ட்டுக்கா தாகம் எடுக்குது?" என்று கேட்டார். உதவி ஆய்வாளர் சிரித்துவிட்டார். மறுநாளே அவர் மனுப் போட்டு, நீதிமன்ற உத்தரவுப்படி கேபிளைப் போட்டோ எடுத்து, ஒரு முழம் மட்டும் சாட்சியத்துக்கு வெட்டி வைத்துக்கொண்டு மீதியைக் காவல் நிலையத்தில் குடியிருப்புப் பெண்களிடம் ஒப்படைத்தார்.

வண்டி பிடித்துத் தருகிறேன் என்று நான் சொன்னதற்கு அவர்கள் வேண்டாம் என்றார்கள். கேபிளைத் தேர் வடம் மாதிரி வரிசையாகத் தோளில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலை வழியே எர்ணாவூர் வரை நடந்தார்கள். டிரெய்லர்கள் ஒதுங்கி வழிவிட்டன. என் கையில் கட்டு இருந்ததால் நான் ஓரமாக நடந்தேன். வியாகுலம்மாள், "பாயம்மா, முன்னாடி வா, நம்ம பொருளு" என்று கூப்பிட்டுத் தனக்கு முன்னால் என் தோளுக்கும் இடம் கொடுத்தார்.

எலக்ட்ரீஷியன் இணைப்புக் கொடுத்து மோட்டாரைப் போட்டார். குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு கலங்கலாக வந்தது, பிறகு தெளிந்த தண்ணீர் வந்தது. மேல் மாடியில் யாரோ தட்டை எடுத்துத் தட்டினார்கள், பிறகு எல்லா மாடியிலும் தட்டினார்கள். ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை.

அதன் பிறகு வெள்ளத்துரைக்கு வேண்டியவர்கள் இருவர் சமாதானம் பேச என் கடைக்கு வந்தார்கள். நான் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கடையில் மூட்டைகளின்மேல் எர்ணாவூர்ப் பெண்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் எவ்வளவு பணம் வேண்டும் என்றுகூடக் கேட்காமல் திரும்பிப் போனார்கள். நீதிமன்றம் எப்போது அழைத்தாலும் வந்து வெள்ளத்துரையை அடையாளம் காட்டுவேன்.

இதுவரை சொன்னதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. இதில் பொய்யும் இல்லை, மறைத்ததும் இல்லை. வலது கைக் காயம் முழுவதும் ஆறாவிட்டாலும், ரேகை வைக்கலாம் என்று சொன்னதற்கு மறுத்து, என் கையாலேயே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
ஹஃப்சா