கடைவாய்ப் பல்லில் வைத்த சாந்து

எலுமிச்சம்பழச் சாறு உடம்புக்கு நல்லது, மாஜிஸ்திரேட் ஐயா. பல்லுக்குத்தான் ஆகாது. பாளையங்கோட்டையில் இருபது வருஷமாகப் பல் அடைக்கிற சத்தியநேசன் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

சொத்தைப் பல்லை நாங்கள் ஒரு வெள்ளைச் சாந்தால் அடைக்கிறோம். காய்ந்தால் கல்தான். புளிப்பு பட்டால் மட்டும் மேற்பளபளப்பு போய், சொரசொரத்து, உதிரும். உருண்டை பிடித்து மூன்று கிண்ணங்களில் ஊறப்போட்டு நானே பார்த்திருக்கிறேன். தண்ணீரில் கிடந்தது அப்படியே இருந்தது. புளித்த கள்ளில் கிடந்தது ஒரு மாதத்தில் பாதியானது.

என் மருமகன் பாக்கியசீலன் சாத்தான்குளத்தில் வாத்தியார். குடித்தால் கை நீட்டுவான். என் மகள் சாரம்மாளின் தாடையை இரண்டு தடவை நானே வைத்துக் கட்டினேன். கூட்டி வந்தால், தேவன் இணைத்ததைப் பிரிக்கலாகாது என்று போதகர் திருப்பி அனுப்பிவிடுவார். அடுத்த தடவை அவளைப் பிணமாகத்தான் பார்ப்பேன் என்று பயந்தேன்.

போன பங்குனியில் அவன் பல்வலியோடு வந்தான். அந்த வாரம்தான் கள்ளைத் தொடுவதில்லையென்று சபை முன்னால் பொருத்தனை செய்திருந்தான்.

“இனி தொட மாட்டேன் மாமா, நம்புங்க” என்றான். ஏற்கெனவே இரண்டு பொருத்தனை கேட்டவன் நான்.

கடைவாயில் இரண்டு பெரிய குழிகள். அடியில் பாஷாணம் வைத்து, மேலே சாந்தால் மூடினேன். பொருத்தனையை அவன் காத்தால் சாந்து அவனைக் காக்கும். குடித்தால் கள்ளே கேட்டுக்கொள்ளும். தீர்ப்பைக் கர்த்தரிடம் விட்டேன். அதில் என்ன பிழையென்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

வைகாசியில் சாரம்மாள் வந்தாள். முகத்தில் காயமில்லை.

“அவிய இப்பம் குடிக்கதில்லப்பா. நாக்குதான் நமநமங்குதாம். என்ன குடுக்க?” என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எத்தனை நாளைக்கு என்றுதான் நினைத்தேன். ஒரு வழி சொல்லி அனுப்பினேன்.

பத்தே நாளில் அவன் செத்தான். கடைசித் தம்ளரைக் கொடுத்தவள் என்று அவளைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. விட்டுவிடுங்கள், உங்கள் காலில் விழுகிறேன்.

மூன்றாவது கிண்ணத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. அதில் இருந்தது எலுமிச்சம்பழச் சாறு. உருண்டை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

அது தெரிந்துதான் மகளிடம் சொன்னேன்: “தெனமும் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுட்டி. பைய மறந்துரும்.”